சாம்பல் போட்டுத் துடைத்த கடிகாரம்

எங்கள் ஊரில் முதன்முதலாகக் கைக்கடிகாரம் கட்டி நடந்தவர் எங்கள் மச்சான்தான். அவர் எங்கள் ஊர்க்காரர் இல்லை, அக்காவைக் கட்டிக்கொண்டதால் வந்துபோகிறவர் என்பது மட்டும்தான் அந்தப் பெருமையில் ஒரு குறை. சாணார்பட்டியைத் தாண்டி, கத்தரியும் மல்லிகையும் விளைகிற ஊர் எங்களுடையது. அங்கே மணி என்பது வெயிலைப் பார்த்துச் சொல்வது, இல்லாவிட்டால் நத்தம் போகிற பஸ்ஸின் சத்தத்தைக் கேட்டுச் சொல்வது. பஸ் வராத நாளில் எங்களுக்கு நேரமே ஆகாது. அப்படிப்பட்ட ஊருக்கு, மதுரை மில்லில் கணக்குப் பார்க்கிற மாப்பிள்ளை இடது கையில் மின்னுகிற கடிகாரத்தோடு வந்து இறங்கினால் கேட்க வேண்டுமா? கல்யாணத்துக்கு வந்த கூட்டம் தாலி கட்டியதைப் பார்த்ததோ இல்லையோ, மாப்பிள்ளையின் மணிக்கட்டைப் பார்த்துவிட்டுத்தான் பந்திக்குப் போனது.

மச்சான் அதிகம் பேசமாட்டார். யாராவது ஏதாவது கேட்டால் முதலில் கடிகாரத்தைப் பார்ப்பார். "சாப்பிட்டாச்சா மாப்பிள்ளை?" என்று கேட்டால்கூட ஒரு தடவை அதைப் பார்த்துவிட்டுத்தான் "ஆச்சு" என்பார். பெரிய உத்தியோகம், நிமிஷத்துக்கு நிமிஷம் கணக்கு இருக்கும் என்று அப்பா ஊரெல்லாம் சொல்லி வைத்தார். தலைக்கனம் என்றாள் பக்கத்து வீட்டுக்காரி. எனக்கு அப்போது ஏழு வயது. நான் இரண்டையும் நம்பினேன்.

அக்காவுக்கு வைகாசியில் கல்யாணம். ஆடி பிறந்தால் புதுப்பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்துவருவது வழக்கம் என்பதால் போய் அழைத்து வந்தோம். ஆவணியில் மச்சான் வந்து கூட்டிப்போக வேண்டும். மதுரையில் தனி வீடு பார்த்துக்கொண்டிருக்கிறேன், அமைந்ததும் வருகிறேன் என்று ஆள் மூலமாகச் சொல்லியனுப்பினார். ஆவணி போனது. புரட்டாசியும் போனது. அக்கா தண்ணீருக்குப் போகிற இடத்திலெல்லாம், "என்ன ஆத்தா, அம்புட்டுப் பெரிய மதுரையில ஒரு வீடு கெடைக்கலையாக்கும்?" என்று கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். கேட்டவர்கள் வீட்டைப் பற்றிக் கேட்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது.

அக்காவும் மச்சானும் கல்யாணத்துக்குப் பிறகு சேர்ந்து இருந்தது கொஞ்ச நாள்தான். அது முழுக்க மாமியார், நாத்தனார் என்று ஆட்கள் நிறைந்த வீடு. என்ன பேசிக்கொள்வீர்கள் என்று அம்மா துருவித் துருவிக் கேட்டபோது அக்கா ஒரே வாக்கியத்தில் பதில் சொன்னாள்: "அவுக வாட்ச்சப் பாப்பாக, நான் தரையப் பாப்பேன்." அன்றைக்கு அம்மா சமைத்த குழம்பில் உப்பு இல்லை.

ஆகவே எங்களுக்கு அந்தத் தலைதீபாவளி வெறும் தீபாவளி இல்லை. விருந்துக்கு வருகிற மாப்பிள்ளை திரும்பிப் போகும்போது அக்காவைக் கூட்டிக்கொண்டு போவாரா என்பதுதான் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அப்போதிருந்த ஒரே கவலை. வாய்விட்டுக் கேட்கவும் முடியாது. பெண்ணைப் பெற்றவர்கள் கேட்டால் அது கெஞ்சுவது போலாகிவிடும், மாப்பிள்ளையாகத்தான் சொல்ல வேண்டும். அம்மா அக்காவின் சேலைகளை மடித்துத் தகரப் பெட்டியில் அடுக்கி, யார் கண்ணிலும் படாதபடி நெல் மூட்டைக்குப் பின்னால் தள்ளி வைத்திருந்தாள்.

தீபாவளியன்று காலையில் மச்சானைக் கிணற்றடியில் மணைபோட்டு உட்கார வைத்தார்கள். எண்ணெய் வைத்தவர் மாமா, அம்மாவின் தம்பி. எந்தச் சிக்கலுக்கும் கைவசம் ஒரு யோசனை வைத்திருக்கும் மனிதர் அவர். அந்த யோசனையால் சிக்கல் இரண்டாகும் என்பது வேறு விஷயம். மச்சான் கடிகாரத்தைக் கழற்றுவதற்குள் மாமா உற்சாகத்தில் ஒரு கிண்ணம் எண்ணெயை உச்சந்தலையில் கவிழ்த்துவிட்டார். அது நெற்றி வழியாக, தோள் வழியாக, முழங்கை வழியாக இறங்கிக் கடிகாரத்தையும் குளிப்பாட்டியது. மச்சான் எண்ணெய்க் கையோடு அதைக் கழற்றிச் சுவர் மாடத்தில் வைத்தார். மாடத்தில் சீயக்காய்த்தூள் சிந்திக் கிடந்தது. அதுவும் அப்பிக்கொண்டது.

அதைப் பார்த்தவள் அக்கா. எடுத்தவளும் அக்கா.

எங்கள் வீட்டில் லாந்தர் விளக்கின் சிம்னியைத் துடைப்பது அக்காவின் வேலை. சாயங்காலமானால் அடுப்புச் சாம்பலைச் சலித்து, பழைய வேட்டித் துணியில் தொட்டு, புகை படிந்த சிம்னிக்குள் கையை விட்டுச் சுற்றுவாள். அவள் துடைத்த சிம்னியில் கண்ணாடி இருக்கிறதா இல்லையா என்று விரலால் தொட்டுத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். பிசுக்குப் பிடித்த கண்ணாடிக்குச் சாம்பல்தான் மருந்து என்பதில் எங்கள் வீட்டில் யாருக்கும் சந்தேகம் வந்ததில்லை. கடிகாரத்தில் தண்ணீர் படக்கூடாது என்பதும் அக்காவுக்குத் தெரிந்திருந்தது. ஆகவே அடுப்படி மூலையில் உட்கார்ந்து, உலர்ந்த சாம்பலைத் தொட்டு, அழுத்தி, நன்றாக, மனசாரத் தேய்த்திருக்கிறாள். புருஷனுக்கென்று யாரும் சொல்லாமல் அவளாகச் செய்த முதல் காரியம் அது. இப்போது நினைத்தாலும் எனக்கு மனசு நெகிழ்ந்துபோகிறது.

ஆனால் அது கண்ணாடி இல்லை. கீழே விழுந்தாலும் உடையாத பிளாஸ்டிக் மூடி போட்ட கடிகாரங்கள் அப்போது வந்திருந்தன. அந்தச் செய்தி இன்னும் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை.

அக்கா அம்மாவிடம் வந்து உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். கடிகாரத்தின் முகம் மார்கழிப் பனியில் நிற்கிற வயல் மாதிரி வெளுத்திருந்தது. உற்றுப் பார்த்தால் ஆயிரம் கோடு. உள்ளே முள் ஓடுகிறது என்பது டிக் டிக் சத்தத்தால் தெரிந்ததே தவிரக் கண்ணுக்குத் தெரியவில்லை.

"அடி பாவி மகளே, என்னடி செஞ்ச?" என்றாள் அம்மா. சத்தமாகச் சொல்லக்கூட முடியவில்லை. மாப்பிள்ளை அந்தப் பக்கம் புது வேட்டி கட்டிக்கொண்டிருந்தார்.

அக்கா அழவில்லை. அழுதிருந்தால்கூட அம்மா தேறியிருப்பாள். சுவரில் சாய்ந்து கடிகாரத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். "இனிமே என்னைக் கூட்டிட்டுப் போக மாட்டாக" என்று மட்டும் சொன்னாள். அப்பா வந்து பார்த்தார். "அவர் அதப் பாக்காம ஒரு வாய்த் தண்ணிகூடக் குடிக்க மாட்டாரே" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டார்.

மாமா மட்டும் கலங்கவில்லை. "நகருங்க, நான் பாத்துக்கிறேன்" என்று ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய் விட்டுத் தடவினார். என்ன ஆச்சரியம்! கோடெல்லாம் காணாமல் போய், முள்ளும் எண்களும் முன்னைவிடத் துல்லியமாகத் தெரிந்தன. அம்மா பழநி இருக்கிற திசையைப் பார்த்துக் கும்பிட்டு, முருகனுக்கு மொட்டை போடுவதாக அங்கேயே நேர்ந்துகொண்டாள். நேர்ந்தது அம்மா, தலை என்னுடையது. அந்த முடி பிறகு முறைப்படி பழநிக்குப் போய்ச் சேர்ந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். மாமா வெற்றிச் சிரிப்போடு எண்ணெயைத் துண்டால் துடைத்தார். துடைத்ததும் ஆயிரம் கோடும் வந்துவிட்டன. மறுபடி தடவினால் போகும், துடைத்தால் வரும். மாப்பிள்ளை கடிகாரத்தை ஆயுளுக்கும் துடைக்காமல் வைத்துக்கொள்ள வேண்டும் என்று எப்படிச் சொல்வது?

"திண்டுக்கல்லுல ஒரு பாய் வாட்ச்சு ரிப்பேர் கடை வச்சிருக்காரு. தீபாவளிக்கும் தொறந்திருப்பாரு. நான் போயிட்டு வாரேன்" என்று மாமா சைக்கிளை எடுத்தார். போகிற வழியில் கடிகாரம் எங்காவது விழுந்துவிட்டால் என்ன செய்வது என்று அம்மா அதைக் கொடுக்க மறுத்துவிட்டாள். மாமா அதையும் ஒரு தடையாக எடுத்துக்கொள்ளவில்லை. கடிகாரம் இல்லாமலே கடிகாரத்தைச் சரிசெய்யக் கிளம்பிப் போனார்.

அம்மா அதை அரிசிப் பானைக்குள் புதைத்து வைத்தாள். மச்சான் இலைக்கு முன்னால் உட்கார்ந்தார். இட்லியும் கறிக்குழம்பும் பரிமாறும்போது அம்மாவின் கண் அரிசிப் பானை மேலேயே இருந்ததால், குழம்பு இலைக்கு வெளியே போனது. மாப்பிள்ளையைப் பார்க்க வந்த ஊர்க்காரர் ஒருவர் வழக்கம்போல, "மணி என்ன மாப்பிள்ளை?" என்றார். மச்சான் சட்டென்று கையைத் திருப்பினார். வார் கட்டிய இடம் மட்டும் வெளுப்பாக இருந்தது. அதையே கொஞ்ச நேரம் பார்த்தார். "வாட்ச்சு பத்திரமா பொட்டியில இருக்கு மாப்பிள்ளை" என்று அப்பா யாரும் கேட்காமலே சொன்னார். மச்சான் தலையை ஆட்டினார். பிறகு வெற்றிலை போட்டுக்கொண்டு அறைக்குப் போய்ப் படுத்துவிட்டார்.

அவர் எழுந்து கேட்பதற்குள் ஏதாவது செய்தாக வேண்டும். அப்போதுதான் அப்பாவும் அம்மாவும் என்னைப் பார்த்தார்கள். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் என்னைப் பார்த்தால் நல்லது நடக்காது என்பது எனக்கு அனுபவத்தில் தெரியும்.

அவர்கள் போட்ட கணக்கு இது. பெண்டாட்டி செய்தால் அது குற்றம். கொழுந்தியா செய்தால் அது விளையாட்டு. மச்சானின் செருப்பை ஒளிப்பது, காபியில் உப்புப் போடுவது எல்லாம் கொழுந்தியாக்களுக்கு ஊர் கொடுத்திருக்கிற உரிமை. அதற்காக எந்த மாப்பிள்ளையும் கோபித்துக்கொள்ளக்கூடாது, கோபித்தால் ஊர் அவரைப் பார்த்துத்தான் சிரிக்கும். ஆகவே கடிகாரத்தைத் தேய்த்தது நான்.

"நான் தேய்க்கலையே" என்றேன்.

"தேச்சேன்னு சொல்லுடி. என் தங்கமில்ல? அக்கா நல்லா இருக்க வேணாமா?" என்று அம்மா என் கையில் ஒரு அதிரசத்தைத் திணித்தாள். பொய் சொல்வது எனக்குப் பெரிய விஷயம் இல்லை. ஆனால் என்னுடைய சொந்தக் குற்றங்களுக்கே நான் வாங்குகிற அடி போதாதா என்ற நியாயமான கேள்வி எனக்கு இருந்தது. இன்னொரு அதிரசம் கொடுத்தார்கள். சம்மதித்தேன். "நாந்தான் மச்சான் வெளையாட்டுக்குத் தேச்சேன், கோவிச்சுக்காதீக" என்பது நான் சொல்ல வேண்டியது. அம்மா திரும்பத் திரும்பச் சொல்ல வைத்தாள். நான் சொல்லும்போதெல்லாம் அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

மச்சான் எழுந்து இருமுகிற சத்தம் கேட்டதும் அம்மா என் கையில் கடிகாரத்தை வைத்து அறைக்குள் தள்ளினாள். அவர் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பேசாத ஆள், எதிரே நெருங்கி நின்றால் மலைபோல இருந்தார். ஒத்திகையில் வராத அழுகை அப்போது வந்துவிட்டது. "நாந்தான் மச்சான்" என்றேன். மீதி மறந்துபோனது.

அவர் கடிகாரத்தை வாங்கி ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். கதவுக்கு வெளியே அம்மாவின் சேலை ஓரமும் அப்பாவின் கால் விரல்களும் தெரிந்தன. மச்சான் கத்தவில்லை. "எதப் போட்டுத் தேச்ச?" என்றார்.

இந்தக் கேள்விக்கு எனக்கு யாரும் பதில் சொல்லித் தரவில்லை. "சாம்பல்" என்றேன்.

"வெளையாட்டுக்கு எதுக்குச் சாம்பல்?"

நான் கதவைப் பார்த்தேன். அம்மாவின் சேலை ஓரம் ஆடவே இல்லை. அப்போது அந்தச் சேலையை விலக்கிக்கொண்டு அக்கா உள்ளே வந்தாள்.

"அவ இல்ல. நாந்தான் தேச்சேன்" என்றாள்.

வெளியே அம்மா மூச்சை இழுத்தது எனக்குக் கேட்டது. அக்கா நிறுத்தவில்லை. "எண்ணெயும் சீயக்காயுமா இருந்துச்சு. நீங்க கட்டறப்பப் பளிச்சுன்னு இருக்கட்டும்னு சிம்னிக்குப் போடுற சாம்பலப் போட்டேன். இப்படி ஆகும்னு தெரியாது. பாப்பா மேல பழியப் போடச் சொன்னாக, எனக்கு மனசு ஒப்பல. கூட்டிட்டுப் போகலைன்னாலும் பரவால்ல." கடைசி வார்த்தையில்தான் அவள் குரல் உடைந்தது.

மச்சான் வழக்கப்படி மணிக்கட்டைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. கையிலிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. பார்ப்பதற்கு வேறு எதுவும் இல்லாமல் போனதால் அக்காவைப் பார்த்தார். அப்படி நேராக அவர் யாரையும் பார்த்து நான் கண்டதில்லை. பிறகு, "இது கண்ணாடி இல்ல. பிளாஸ்டிக்கு" என்றார்.

"ஒடைஞ்சிருச்சா?"

"ஒடையாது. கோடுதான் விழும். எனக்கே ஒரு தடவ பஸ்ஸுக் கம்பியில ஒரசி விழுந்துச்சு. தேச்சா போயிரும்."

பெட்டியைத் திறந்து ஒரு டியூபை எடுத்தார். பல் விளக்குகிற பேஸ்ட்டு. வேப்பங்குச்சியைத் தவிர எதையும் அறியாத எங்கள் வீட்டில் காலையில் அவர் பல் விளக்கியதையே நான் வேடிக்கை பார்த்திருந்தேன். இவ்வளவு பெரிய விபத்து நடந்திருக்கிற நேரத்தில் இந்த மனிதர் எதற்கு மறுபடி பல் விளக்கப்போகிறார் என்று திகைத்து நின்றேன். அவர் பாயை விரித்து உட்கார்ந்து, ஒரு பட்டாணி அளவு பேஸ்ட்டைக் கடிகாரத்தின் மேல் வைத்து, வேட்டி நுனியால் தேய்க்கத் தொடங்கினார்.

"புது வேட்டி பாழாப்போகும்" என்று அக்கா ஓடிப்போய் மெத்தென்ற பழைய துணி ஒன்றைக் கொண்டுவந்தாள். நின்றுகொண்டே நீட்டினாள். அவர் பாயில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். அவளும் உட்கார்ந்தாள். அறை முழுக்க அந்தப் பேஸ்ட்டின் குளிர்ந்த வாசனை. கொஞ்ச நேரம் தேய்த்துவிட்டு ஈரத்துணியால் ஒற்றி எடுத்தார். பனிக்கு நடுவில் ஒரு சின்ன இடம் தெளிந்து, ஒரு எண் எட்டிப் பார்த்தது.

"தெரியுது!" என்று கத்தினேன்.

"நீ தேயி. அழுத்தக் கூடாது, சுத்திச் சுத்தி, மெதுவா" என்று மச்சான் கடிகாரத்தை அக்காவிடம் கொடுத்தார். அடுத்த எண் வருவதற்குள் அம்மா என் காதைப் பிடித்து வெளியே இழுத்து வந்துவிட்டாள். எவ்வளவு கெஞ்சியும் திரும்ப உள்ளே விடவில்லை. எனக்காகப் பேசவேண்டிய அப்பாவோ, நான் மறைத்து வைத்திருந்த சரவெடியை எடுத்துப்போய் வாசலில் அவரே கொளுத்திக்கொண்டிருந்தார்.

அறைக்குள் இருந்து முதலில் மச்சானின் குரல் கேட்டது. ஒரு மனிதருக்குள் இத்தனை பேச்சு இருந்ததா என்று ஆச்சரியமாக இருந்தது. பிறகு அக்காவின் குரல். பிறகு இரண்டும் கலந்து கேட்டன. ஒரு தடவை அக்கா சிரித்துவிட்டு உடனே வாயைப் பொத்திக்கொண்டது தெரிந்தது. அம்மா அடுப்படிச் சுவரில் சாய்ந்து, அன்றைக்கு முதல்முறையாகக் காலை நீட்டி உட்கார்ந்தாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தபடி இருந்தது, முகம் மட்டும் அழுகிற முகமாக இல்லை. கோடு போய்க்கொண்டிருக்கிறது என்ற நிம்மதியில் அழுகிறாள் என்று நினைத்து, நானும் பக்கத்தில் உட்கார்ந்து நிம்மதியாக ஒரு அதிரசம் தின்றேன்.

பொழுது சாய்கிற நேரத்தில் மாமா வேர்த்து விறுவிறுத்துத் திண்டுக்கல்லிலிருந்து வந்து சேர்ந்தார். "கடை தொறந்துதான் இருந்துச்சு. பாத்துத்தான் சொல்ல முடியுமாம். வாட்ச்ச எடுத்துட்டு வரச் சொன்னாரு" என்றார். அம்மா அவருக்கு ஒரு செம்பு மோர் கொடுத்தாள்.

விளக்கு வைத்த பிறகு மச்சான் வெளியே வந்தார். கையில் கடிகாரம் கட்டியிருந்தது. அப்பாவுக்கு முன்னால் வந்து நின்று, அதைப் பார்க்காமலே பேசினார். "ரெண்டு மாசத்துக்கு முந்தியே ஒரு வீடு பாத்துட்டேன். சின்ன வீடு. அவளுக்குப் பிடிக்குமோ என்னமோன்னு சொல்லத் தயக்கமா இருந்துச்சு. இப்பக் கேட்டேன், போதும்னு சொல்லிருச்சு. நாளைக்குக் காலை பஸ்ஸுக்கு ரெண்டு பேரும் கெளம்புறோம்."

அப்பா "சரிங்க மாப்பிள்ளை, சரிங்க மாப்பிள்ளை" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். அம்மா நெல் மூட்டையை நோக்கி ஓடினாள். மாமா, எல்லாம் தன்னால்தான் என்பதுபோல மீசையைத் தடவிக்கொண்டார். எனக்கு அந்தப் பேச்சிலெல்லாம் அக்கறை இல்லை. என் பெயரில் நடந்த குற்றம் தீர்ந்துவிட்டதா என்று பார்க்க வேண்டும். லாந்தரைத் தூக்கிக்கொண்டு மச்சானின் கைப்பக்கம் போய்க் கடிகாரத்தை உற்றுப் பார்த்தேன்.

வலதுபக்கப் பாதி புதுசாக மின்னியது. இடதுபக்கப் பாதியில் ஆயிரம் கோடும் காலையில் இருந்தபடியே இருந்தன. மத்தியானத்திலிருந்து விளக்கு வைக்கிற வரைக்கும் இரண்டு பேர் உட்கார்ந்து தேய்த்தது அவ்வளவுதான்.

"யம்மா, பாதிதான் போயிருக்கு! மிச்சம் அப்படியே இருக்கு!" என்று கத்தினேன். யாராவது பதறுவார்கள் என்று எதிர்பார்த்தேன். அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மச்சானுக்குக் காது சிவந்தது. அம்மா பெட்டியைத் துடைத்தபடி, "இருக்கட்டும்டி, போதும்" என்று சிரித்தாள். காலையிலிருந்து எங்கள் வீட்டின் உயிரை வாங்கிய கோடுகளில் பாதி அங்கேயே இருக்க, பெரியவர்களில் ஒருத்தருக்கும் அதைப் பற்றிக் கவலை இல்லை. எனக்கு ஒரே எரிச்சலாக வந்தது. பேஸ்ட்டு தீர்ந்துபோயிருக்கும் என்று நானாகவே முடிவு செய்துகொண்டு தூங்கப் போனேன்.